பிரென் துப்பாக்கியும் இரண்டாவது ஆளும்

வைட்ஃபீல்டின் மென்பொருள் வளாகங்களுக்குள் ‘பயனர் அனுபவம்’ என்ற சொல் நாள்தோறும் ஒலிக்கிறது. அவ்வளாகங்களின் வாயில்களில் காவல் நிற்போருள் முன்னாள் படைவீரர்களும் உண்டு. தாம் ஆண்டுக்கணக்கில் சுமந்த ஆயுதத்தின் பயனர் அனுபவம் என்ன என்று அவர்களிடம் கேட்போர் அரிது. ஆயுத வடிவமைப்பு பற்றிய எழுத்துகளும் எடை, வேகம், தொலைவு என்ற எண்களோடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. பிரென் இலகு இயந்திரத் துப்பாக்கியை அந்த எண்களைக் கொண்டு மட்டும் புரிந்துகொள்ள இயலாது.

செக் நாட்டின் பிர்னோ, இங்கிலாந்தின் என்ஃபீல்ட் ஆகிய ஊர்ப்பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்ததே பிரென். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினர் அதனை ஏந்திப் போரிட்டனர். விடுதலைக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு ஏற்ப மாற்றப்பட்ட அதன் வடிவம் கான்பூரில் உற்பத்தியானது.

அதன் தோட்டாப் பெட்டி துப்பாக்கியின் தலைமேல் அமர்ந்திருக்கும். தரையோடு தரையாகப் படுத்துச் சுடுபவர் உடலை உயர்த்தாமலேயே பெட்டியை மாற்ற இது வழிசெய்தது. ஆனால் அதே பெட்டி பார்வையை மறைத்ததால் குறிபார்க்கும் கருவியை இடப்பக்கம் தள்ளி வைக்க நேர்ந்தது. இடத்தோளில் வைத்துச் சுடுவது இயலாததாயிற்று. பெட்டியின் கொள்ளளவு 30 தோட்டாக்கள். விளிம்புள்ள பழைய .303 தோட்டாக்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் என்பதால் வீரர்கள் ஓரிரண்டைக் குறைத்தே நிரப்பினர். எதிரே ஜெர்மானியரின் எம்.ஜி. 42, தோட்டாப் பட்டையை விழுங்கியபடி நிமிடத்துக்குச் சுமார் 1,200 என்ற வேகத்தில் சுட்டது. பிரெனின் வேகம் சுமார் 500 மட்டுமே. எனினும் வேகம் குறைந்ததால் குறி தப்பாது, தோட்டாவும் வீணாகாது.

குழல் சூடேறினால் நொடிகளில் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். அந்த மாற்றுக் குழலையும் கூடுதல் பெட்டிகளையும் சுமந்தபடி பக்கத்தில் கிடந்தவர் இரண்டாவது ஆள். பிரெனின் நிறைகள் அனைத்தும் அவர் உயிரோடும் விழிப்போடும் இருப்பதை நம்பியிருந்தன. அவர் வீழ்ந்தால், சுமார் பத்துக் கிலோ எடையுள்ள அந்தத் துப்பாக்கி ஒற்றை மனிதருக்குப் பெரும்பாரம்.

பின்வந்த இன்சாஸ் இலகு இயந்திரத் துப்பாக்கி இப்பாரத்தைக் குறைத்தது. தோட்டா 5.56 மி.மீ. ஆகச் சிறுத்தது, எடையும் இறங்கியது. ஆயினும் களத்தில் விரைந்து மாற்றத்தக்க குழல் அதில் இல்லை. பெட்டியிலோ அதே 30 தோட்டாக்கள்தாம். பழைய வடிவமைப்பின் வரம்பு தொடர்ந்தது, அதற்கு ஈடுசெய்த வசதி மறைந்தது. தோள் இளைப்பாறியது, குழல் சூடேறும்போது என்ன செய்வது என்ற கேள்வி வீரரிடமே விடப்பட்டது. 2020 மார்ச்சில் 16,479 இஸ்ரேலிய நெகேவ் துப்பாக்கிகளை வாங்க இந்தியா ஒப்பந்தமிட்டது. தோட்டாப் பட்டை, மாற்றத்தக்க குழல், 7.62 மி.மீ. தோட்டா ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்தது அது.

நிறை, குறை என்று வடிவமைப்பில் தனித்தனியே இரண்டு இல்லை. ஒரு முடிவு வரைபலகையில் நிறையாகத் தோன்றும். பதுங்குகுழியில் யாரோ ஒருவரின் முதுகில் குறையாக இறங்கும். வரைபலகையின் ஆவணங்களைக் காப்பகங்கள் பேணுகின்றன. இரண்டாவது ஆளின் சாட்சியமோ அவர் நினைவில் மட்டுமே இருக்கிறது. பிரெனைச் சுமந்த தலைமுறை முதுமையின் விளிம்பில் நிற்கையில், படை வரலாற்றை ஆராய்வோர் முதலில் செல்லவேண்டிய இடம் எது?