சைகா-12-இன் வாயுத் திருகு

வால்வுகளைப் பற்றிய ஆய்வேட்டில் ஷாட்கன்னுக்கு ஓர் அதிகாரம் எதற்கு என்று சென்ற மதிப்பாய்வுக் கூட்டத்தில் ஒரு மூத்த பேராசிரியர் வினவினார். பிரஷர் குக்கரோடு நிறுத்திக்கொள்ளலாகாதா என்பது கேள்வியின் உட்பொருள். அதிகாரம் நிலைக்குமா நீங்குமா என்பது அடுத்த கூட்டத்தில் முடிவாகும். ஈராண்டு உழைப்பு அதில் இருக்கிறது. நண்பர்கள் பலரும் இதையே கேட்பதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

வாயுவால் இயங்கும் அரைத் தானியங்கித் துப்பாக்கியில், தோட்டா வெடித்ததும் எழும் வாயுவின் சிறு பகுதி குழலிலுள்ள நுண்துளைகளின் வழியே பிரிந்து பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் போல்ட்டைப் பின்னுக்கு நகர்த்தும். வெற்றுத்தோட்டா வெளியே தெறிக்கும். சுருள்வில் போல்ட்டை மீட்கையில் அடுத்த தோட்டா ஏறும். ரைஃபிளில் இச்சிக்கல் ஓரளவு எளியது. அதற்குரிய தோட்டாக்களின் வலிமை குறுகிய எல்லைக்குள்தான் வேறுபடும். ஷாட்கன்னின் நிலை அதுவன்று. களிமண் தட்டுகளைச் சுடும் ஒலிம்பிக் போட்டித் தோட்டாவில் ஈயத்தின் எடை 24 கிராம். அதே 12 போர் குழலில் இடத்தக்க மேக்னம் தோட்டாவிலோ 50 கிராமுக்கும் மேல். மெல்லிய தோட்டாவுக்குப் போதுமான துளை வலியதற்கு மிகை. வலியதற்கு அளவான துளை மெல்லியதற்குப் பற்றாது. எந்த நிலையான துளையும் இரண்டுக்கும் ஒருங்கே பொருந்தாது.

இச்சிக்கல் வாயுவோடு பிறந்ததன்று. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, பெல்ஜியத்தின் எஃப்என் ஆலை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தயாரிக்கத் தொடங்கிய ஆட்டோ-5 துப்பாக்கியில் வாயுவுக்கு வேலையே இல்லை. குழலும் போல்ட்டும் சேர்ந்தே பின்னுதைப்பில் நகரும். ஆயினும் சீரமைப்பு உண்டு. ஓர் எஃகு வளையத்தையும் வெண்கல உராய்வுத் துண்டையும் எந்த வரிசையில் மாட்டுவது என்பதே அது. வளையம் உராய்வில் பங்கேற்றால் வலிய தோட்டாவுக்கு. ஒதுங்கி நின்றால் மெல்லியதற்கு. அரை நூற்றாண்டு கழித்து வந்த ரெமிங்டன் 58-இல் தோட்டாவுக்கேற்பத் திருப்பும் மூடி அமைந்தது. 1987-இல் வந்த 11-87-இல் அத்திருப்பலும் இல்லை; மிகை அழுத்தத்தில் ஒரு வில்வளையம் விரிந்து வாயுவை வெளியேற்றிவிடும். நம் குக்கரின் வெயிட் செய்யும் வேலைதான் அது. பின்னர் வந்த வெர்ஸா மேக்ஸில் நீளமான தோட்டாவின் உறையே துளைகள் சிலவற்றை மூடிவிடும்; வலிமையைப் பற்றிய செய்தியைத் தோட்டாவே சுமந்து வருகிறது. இதைவிட அழகான தீர்வை இத்துறையில் நான் கண்டதில்லை.

சைகா-12 இவ்வரிசைக்கு வெளியே நிற்பது. ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரில் கலாஷ்னிகவ் ரைஃபிளின் அடிப்படையில் உருவான ஷாட்கன் அது. வாயு அறையின் முன்முனையில் ஒரு திருகடைப்பு. அதில் இரண்டே நிலைகள். 1 மேக்னத்துக்கு, 2 சாதாரணத் தோட்டாவுக்கு. கரி படிந்து சூடேறிய பின் அதை விரலால் திருப்புவது எளிதன்று. அமெரிக்காவில் இதை வாங்கியோர் மலிவான மெல்லிய தோட்டாக்களைச் சுட விரும்பினர், தோட்டா சிக்கிக்கொண்டது. ஆகவே விளிம்பு சொரசொரப்பாக்கப்பட்ட, கருவியின்றித் திருப்பத்தக்க, பல நிலைகள் கொண்ட மாற்றுத் திருகுகள் சந்தைக்கு வந்தன. 2014-இல் கலாஷ்னிகவ் நிறுவனத்தின் மீது அமெரிக்கா தடை விதித்தபின் புதிய சைகாக்களின் வரவு நின்றது. கையிலிருப்பவற்றை மாற்றியமைக்கும் ஆர்வம் நிற்கவில்லை.

என் வாதம் தொடங்கும் இடம் இதுதான். திருப்புவது எளிதானால் போதும் என்று இம்மாற்றங்களுட் பல கருதுகின்றன. ஆனால் இத்திருகின் இரு பக்கத்துப் பிழைகளும் ஒரே தன்மையன அல்ல. வாயு குறைந்தால் போல்ட் முழுத்தொலைவு செல்லாது. வெற்றுத்தோட்டா வாயிலில் சிக்கும். சுடுபவர் அக்கணமே அறிவார். வாயு மிகுந்தால் யாவும் செவ்வனே நடக்கும். தோட்டா பாய்கிறது, அடுத்தது ஏறுகிறது, எவருக்கும் குறையில்லை. உள்ளே போல்ட் தேவைக்கு மீறிய வேகத்தில் உடற்பெட்டியின் பின்சுவரில் மோதிக்கொண்டிருக்கும். ஒரு பிழை உடனே தெரியும். மற்றது பல்லாயிரம் முறை சுட்டபின் விரிசலாய்த் தெரியும். திருகு எளிதாகும்போது மனிதர் எப்பக்கம் சாய்வர்? கண்ணுக்குத் தெரியும் பிழையிலிருந்து விலகியே சாய்வர். திருகு திறந்த நிலையிலேயே தங்கிவிடும்.

பிகாரின் முங்கேர் நகரைச் சேர்ந்த, உரிமம் பெற்ற பழுதுபார்ப்பாளர் ஒருவரின் பட்டறையில் இதைக் கண்ணால் கண்டேன். (1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி பழுதுபார்த்தலுக்கும் உரிமம் வேண்டும், மாணவ நண்பர்கள் வீட்டில் முயலற்க.) எழுபதைக் கடந்த அவர் ஒரு பழைய ஆட்டோ-5-ஐப் பிரித்து முன்கட்டையைக் காட்டினார். மரத்தில் நீளவாக்கில் பிளவு. வளையம் மெல்லிய தோட்டாவுக்குரிய வரிசையில் இருந்தது. உரிமையாளர் சுட்டதோ வலியது. “ஒருநாள்கூடச் சிக்கியதில்லை என்று பெருமையாகச் சொன்னார், பேட்டா! சிக்கியிருந்தால் கட்டை பிழைத்திருக்கும்” என்றார் முதியவர். கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் மூலநூல்களுள் ஒன்றாகிய மேக்ஸ்வெல்லின் 1868-ஆம் ஆண்டுக் கட்டுரையைப் பலமுறை படித்தபோதும் பின்னூட்டம் என்பது எனக்கு இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை.

அப்படியாயின் எல்லாவற்றையும் தானியங்கியாக்கிவிடலாமே என்பது பேராசிரியரின் மறுகேள்வி. ஓரளவு உண்மை. ஆயினும் வில்வளையமும் நாளடைவில் தளரும். துளையும் கரியால் அடைபடும். அங்கும் சேதம் மௌனமாகவே வரும், கேட்கத் திருகும் இராது. திருகை ஒழிப்பதைவிட அதைப் பேசவைப்பதே சிறந்தது என்பது என் நிலைப்பாடு. தொலைவிலிருந்தே நிலை தெரியும் குறி ஒன்று. மூடிய நிலையிலிருந்து தொடங்கி, இயக்கம் சீராகும் வரை மட்டுமே திறக்கும் வழக்கம் ஒன்று.

கருவியே வேண்டாத அளவுகோல் ஒன்றும் உண்டு: வெற்றுத்தோட்டா விழும் தொலைவு. ஒரே திருகு நிலையில் மெல்லிய தோட்டாவின் உறை காலடிக்கு அருகிலும், வலியதன் உறை பல எட்டு அப்பாலும் விழுமாயின், மிகை வாயு தரையில் எழுதப்பட்டிருக்கிறது எனலாம். அதிகாரத்தில் புதிதாகச் சேர்த்திருக்கும் ஒரே படம் அத்தரையின் வரைபடம்தான்: காலடியிலிருந்து வரைந்த வளையங்கள், ஒவ்வொன்றின் மேலும் திருகின் நிலை எண்.