தினம் தண்ணீர் ஊற்றினால் செத்துப்போகும்!

லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வருகிறவர்கள் டிஸ்னிலேண்டுக்குப் போவார்கள், ஹாலிவுட்டுக்குப் போவார்கள். நான் கற்றாழை பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள்.

பாஸடீனாவுக்குப் பக்கத்தில் ஸான் மரினோ என்று ஓர் ஊர். அங்கே ஹன்டிங்டன் என்ற ரயில்வே கோடீஸ்வரரின் பழைய எஸ்டேட் இருக்கிறது. அதில் பத்து ஏக்கருக்குப் பாலைவனத் தோட்டம். 1907-ல் தோட்டக்காரர் வில்லியம் ஹெர்ட்ரிச் யோசனை சொன்னபோது முதலாளிக்கு இஷ்டமேயில்லை. ரயில் பாதை போட்ட நாட்களில் சப்பாத்திக் கள்ளியிடம் குத்து வாங்கிய அனுபவம்! வேறெதுவும் உருப்படாத சரிவு, ஒழியட்டும் என்று விட்டாராம்.

உள்ளே ஆளுயர அகாவே. அட, நம்ம ஆனைக் கற்றாழை! தண்டவாள ஓரம் வேலியாக நிற்குமே, அதேதான். சொந்த ஊர் மெக்ஸிகோ பக்கம். (சோற்றுக் கற்றாழை வேறு ஜாதி. இதை உடைத்து முகத்தில் தடவினால் அரித்துத் தள்ளிவிடும்.) பகலெல்லாம் இலைத் துளைகளைச் சாத்திக்கொண்டு, ராத்திரி திறந்து காற்று வாங்குகிற நைட் ஷிப்ட் ஆசாமி. தண்ணீர் வீணாகாது.

கூட வந்த நண்பன் வீட்டு வாசலிலும் அகாவேதான். 2015 வறட்சியில் தண்ணீர்ச் செலவை 25 சதவிகிதம் குறைக்கச் சொல்லி கவர்னர் உத்தரவு போட, புல்தரையைப் பிடுங்கிவிட்டான்.

"மண்ணைவிட ஜல்லியும் மணலும் ஜாஸ்தி இருக்கணும். மேடு கட்டி நடு. நாள் பூரா வெயில். வேர் பிடிச்சப்புறம் எப்பவாவது தண்ணி காட்டினா போதும். பாவமேன்னு தினம் ஊத்தினே, அழுகிடும்டா."

அவன் செடியின் நடுவில் இப்போது ஒரு தண்டு கிளம்பியிருக்கிறது, ராட்சச முருங்கைக்காய் மாதிரி. கூரையைத் தாண்டிவிட்டது. தெருவே நின்று போட்டோ எடுக்கிறது. அவன் முகத்தில்தான் ஈயாடவில்லை. அகாவே ஆயுளில் ஒரே தடவைதான் பூக்கும். பூத்து முடித்தால் ஆள் காலி. தண்டை வெட்டினாலும் பிழைக்காது.

நட்டது அவன் அப்பா. கரூரிலிருந்து ஆறு மாசம் வந்திருந்தபோது, "காசு குடுத்து ரயில் கத்தாழை வாங்குற வூரு இது ஒண்ணுதான்டா" என்று திட்டிக்கொண்டே குழி வெட்டினாராம். அவர் போய் மூன்று வருஷமாகிறது.

அடியில் குட்டிகள் விட்டிருக்கின்றன. "ஒண்ணு எடுத்துட்டுப் போறியா?" என்றான்.

"கஸ்டம்ஸ்ல விடமாட்டான்டா."

கையுறை மாட்டிக்கொண்டு இருவரும் எண்ணினோம். ஏழு. குத்து வாங்காமல் எண்ணி முடிக்க அரைமணி ஆயிற்று.