மூட்டை மீது துப்பாக்கி

துப்பாக்கி சுடும் போட்டிகள் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று மொழிபெயர்ப்புக்கு வந்தது. 'பெஞ்ச்ரெஸ்ட்' என்ற சொல்லில் நின்றுவிட்டேன். மேஜை மேல் மணல் மூட்டை, மூட்டை மேல் துப்பாக்கி, பின்னால் உட்கார்ந்து சுடும் ஆள். எம்.ஏ. தமிழ் சும்மா இருக்குமா? 'தாங்கணைச் சுடுதல்' என்று பெயர் சூட்டினேன். "வேணாம் மாமா, பெஞ்ச்ரெஸ்ட்னே போடுங்க" என்றான் அக்கா மகன்.

அவன் சொன்னால் கேட்க வேண்டும். வயது 19. மூன்று வருடத்துக்கு முன் விட்டல்வாடிக்கும் உல்லாஸ்நகருக்கும் இடையே லோக்கல் ரயிலிலிருந்து விழுந்ததில் இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே போயின. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஏர் ரைஃபிள் பயிற்சிக்குப் போகிறான். ஆரம்பத்தில் மூட்டையில் வைத்துத்தான் சுடச் சொல்லியிருக்கிறார்கள். அக்காவுக்கு அது விளையாட்டாகவே படவில்லை. "உக்காந்துக்கிட்டு, மூட்டையில வச்சுச் சுடறதெல்லாம் ஒரு போட்டியாடா? பலூன் கடையில எல்லாரும் பலகையில முழங்கையை ஊணித்தானே சுடறாங்க" என்று என்னிடம் கேட்டாள்.

கட்டுரையை முடித்தபின் அவளுக்குச் சொல்ல என்னிடம் நிறைய விஷயம் சேர்ந்திருந்தது. அமெரிக்காவில் வளர்ந்த இந்தப் போட்டியில் இரண்டு வகை. ஒன்றில் மற்ற இடங்களைப் போல வளையங்களுக்கு மதிப்பெண். இன்னொன்றில் குண்டு நடுவில் பட வேண்டும் என்பதே இல்லை. ஐந்து குண்டுகளும் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பதுதான் கணக்கு. மிகத் தள்ளி விழுந்த இரண்டு ஓட்டைகளின் மையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். நூறு கஜ தூரத்தில் தேர்ந்தவர்களின் ஐந்து குண்டுகள் ஒரே ஓட்டையாகிவிடும். பிறகு ஐந்து சுட்டார், நான்கு அல்ல என்பதற்கு என்ன அத்தாட்சி? அட்டைக்குப் பின்னால் ஒரு காகிதத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கிறார்கள். அதில் ஐந்து ஓட்டைகளும் தனித்தனியாக விழும். மனிதனின் சந்தேக புத்திக்கு இதைவிட நேர்த்தியான கருவியை நான் பார்த்ததில்லை.

சுடும் பாணியிலும் இரண்டு கட்சி. துப்பாக்கியைத் தோளில் அழுத்திப் பிடிப்பவர்கள் ஒரு கட்சி. விசையைத் தவிர வேறெங்கும் தொடாமல், அது பின்னால் உதைத்து மூட்டையில் வழுக்கி வர விடுபவர்கள் இன்னொரு கட்சி. தொடாவிட்டால் கையின் நடுக்கம் துப்பாக்கிக்குப் போகாது என்பது இவர்கள் வாதம். கனத்த துப்பாக்கிக்கு, அதாவது 13.5 பவுண்டு வகைக்கு, இது சரிப்படும். லேசான துப்பாக்கி துள்ளும், பிடித்தே ஆக வேண்டும் என்கிறார்கள் மற்றவர்கள்.

இரு கட்சிக்கும் பொது எதிரி காற்று. மூட்டை உடம்பின் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறது, காற்றை எடுத்துக்கொள்ள முடியாது. சுடுமிடத்திலிருந்து இலக்கு வரை சின்னச் சின்னக் கொடிகள் நடுகிறார்கள். கொடிகள் ஒரே மாதிரி நிற்கும் நேரம் பார்த்து ஐந்தையும் மளமளவென்று சுட்டுத் தள்ளுவது ஒரு வழி. ஒவ்வொரு குண்டுக்கும் அதே காற்று திரும்பி வரக் காத்திருப்பது இன்னொரு வழி. அவசரக்காரனுக்கு நடுவில் காற்று மாறும். காத்திருப்பவனுக்குக் கொடுத்த ஏழு நிமிடம் தீரும். என் சுபாவத்துக்கு இரண்டாவதுதான் ஒத்துவரும். தோற்பேன் என்பது வேறு விஷயம்.

ஒலிம்பிக்கின் பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில் கதை தலைகீழ். அரங்கத்துக்குள் காற்று இல்லை. மூட்டையும் இல்லை. நின்று, கையில் ஏந்தி, அரை மில்லிமீட்டர் புள்ளியைக் குறிபார்க்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து எட்டும் தூரத்தில் பன்வேலில் லக்‌ஷ்யா துப்பாக்கி சுடும் கழகத்தை நிறுவிய சுமா ஷிரூர் 2004இல் கோலாலம்பூர் ஆசியப் போட்டியின் தகுதிச் சுற்றில் 400க்கு 400 எடுத்தது இப்படி நின்றுதான்.

அவரிடம் பயிற்சி பெற்ற அவனி லெகரா நிற்பவர் அல்ல. 2012இல் கார் விபத்துக்குப் பின் சக்கர நாற்காலி. டோக்கியோ பாராலிம்பிக்கில் 2021இல் தங்கம் வென்றபோது அவருக்கும் வயது 19. இறுதிச் சுற்றில் எடுத்தது 249.6. பாராலிம்பிக் தங்கம் வென்ற முதல் இந்தியப் பெண். 2024இல் பாரிஸில் மறுபடியும் தங்கம்.

அக்கா கவனிக்க வேண்டிய இடம் இது. பாரா போட்டியில் உட்காருவதெல்லாம் ஒன்றல்ல. கையால் துப்பாக்கியின் எடையைத் தாங்க முடியாதவர்களுக்கு ஒரு தாங்கி தருகிறார்கள். அதுவும் மூட்டை போல அசையாமல் நிற்காது. ஸ்பிரிங்கில் ஆடும். எடையை அது சுமக்கும், குறியை ஆள்தான் நிறுத்த வேண்டும். கையில் வலு உள்ளவர்களுக்கு அந்தத் தாங்கியும் கிடையாது. அவனியின் தங்கங்கள் இந்தப் பிரிவில், முழங்கைக்கு மேஜைகூட இல்லாமல் வந்தவை. என் அக்கா மகனுக்கும் கை நன்றாக இருக்கிறது.

ஆகவே போன மாதம் பயிற்சியாளர் அவன் மூட்டையை எடுத்துவிட்டார். மூட்டையில் பத்துக் குண்டும் சட்டைப் பொத்தான் அகலத்துக்குள் விழுந்துகொண்டிருந்தன. கையில் ஏந்தியதும் அட்டை முழுக்க அம்மை போட்டது போல ஆகிவிட்டது. இரண்டு அட்டைகளையும் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினான். "மூட்டையில வச்சப்போ துப்பாக்கி என்ன செய்யும்னு தெரிஞ்சுது மாமா. இப்பதான் நான் என்ன செய்யறேன்னு தெரியுது."

அக்கா இரண்டாவது அட்டையை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொந்தத் துப்பாக்கி என்ன விலை என்று கேட்டாள். சொன்னான். "ஜீன்ஸ் தைக்கற கூலியில எத்தனை மாசம்டா ஆகும்?" என்று என்னைக் கேட்டாள். காலண்டர் தாளின் பின்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு வருடமும் நான்கு மாதமும் வந்தது.