காத்து எல்லாருக்கும் பொது, காத்தாடி யாருக்கு?

காற்றாலைன்னு பேச்சு வந்தாலே எல்லாரும் மெகாவாட் கணக்குலதான் நிக்கிறாங்க. எனக்கு அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: அது யாருக்குச் சொந்தம்? டென்மார்க் கதையைப் படிச்சதுலேர்ந்து இதுதான் மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்கு.

1973-ல எண்ணெய் விலை எகிறினப்போ டென்மார்க் பாடு பெரும் திண்டாட்டம். எரிசக்தியில 90 சதவீதத்துக்கு மேல இறக்குமதி எண்ணெய். ஞாயித்துக்கிழமை காரே எடுக்கக் கூடாதுன்னு தடை போட்டாங்க. மறுநாளே காத்தாடி நட்டுட்டாங்கன்னு நினைச்சுடாதீங்க. முதல்ல நிலக்கரிக்குத்தான் ஓடினாங்க. அணு உலைத் திட்டமும் கையில இருந்துச்சு. ஜனங்க எதிர்ப்பு வலுத்து, 1985-ல அந்த நாட்டுப் பாராளுமன்றம் அதை மூட்டை கட்டி வெச்சுது.

இதுக்கிடையில காத்தாடி வேலையை ஆரம்பிச்சு வெச்சது சாதாரண ஆளுங்க. கிறிஸ்டியன் ரீசேர்னு ஒரு தச்சர், 1970-களில் 22 கிலோவாட் காத்தாடி ஒண்ணு செஞ்சு மின்கம்பியோட இணைச்சார். துவிண்ட்ங்கற இடத்துல பள்ளிக்கூட வாத்தியார்களும் தொண்டர்களும் சேர்ந்து 1978-ல 2 மெகாவாட் காத்தாடியையே எழுப்பிட்டாங்க. அன்னிக்கு உலகத்துலயே பெரிசு அதுதான்! அப்புறம் அக்கம்பக்கத்துக்காரங்க பங்கு போட்டுக் கூட்டுறவா வாங்க ஆரம்பிச்சாங்க. கோபன்ஹேகன் கடலோரத்துல 2000-ல 20 காத்தாடி, 40 மெகாவாட். அதுல பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களோட கூட்டுறவுக்குச் சொந்தம்.

சொந்தக் காசு போட்டவனுக்கு இறக்கை சத்தமும் சங்கீதம்தான் :-)

இன்னிக்கு அந்த நாட்டு மின்சாரத்துல பாதிக்கு மேல காத்துலேர்ந்து வருது. காத்து படுத்துக்கிட்டா நார்வே, ஸ்வீடன் நீர்மின்சாரம் கைகொடுக்கும், அந்த அதிர்ஷ்டத்தையும் சொல்லிடணும். பின்னாடி பெரிய கம்பெனிகள் வந்து காத்தாடியும் பெரிசானப்போ அங்கேயும் முணுமுணுப்பு கிளம்பிச்சு. அதனால 20 சதவீதப் பங்கை உள்ளூர் ஜனங்களுக்குத் தர முன்வரணும்னு 2008-ல சட்டமே போட்டாங்க. 2020-லேர்ந்து அதுக்குப் பதிலா பக்கத்து வீடுகளுக்கு வருஷா வருஷம் ஒரு தொகை.

இப்ப நம்ம ஊர். 1990 வாக்குல டென்மார்க் அரசு உதவியோட கயத்தாறு, முப்பந்தல் பக்கம் காத்தாடிகள் வந்துச்சு. இயந்திரம் வந்துது, கூட்டுறவு வரலை. நம்ம அரசாங்கம் முதல் வருஷமே 100 சதவீதம் தேய்மானம் காட்டலாம்னு வருமான வரியில சலுகை கொடுத்துது. லாபத்துக்கு வரி கட்டறவங்களுக்குத்தானே அந்தச் சலுகையால பிரயோஜனம்? மில் முதலாளிகள் வந்தாங்க. அவங்களைக் குறை சொல்லலை. மின்வெட்டுக் காலத்துல பல மில்களைக் காப்பாத்தினது அந்தக் காத்தாடிதான்.

ஆனா எங்க சித்தப்பா மாதிரி ஆளுங்களை நினைச்சுப் பாருங்க. ஆரல்வாய்மொழி பக்கம் இருந்த பொட்டல்காட்டை ஒரு புரோக்கர் கேட்ட விலைக்குக் கொடுத்தார். வந்த பணம் ஒரு கல்யாணத்தோட காலி. அந்தக் காத்தாடி இன்னும் சுத்துது. அவருக்குச் சேதி அவ்வளவுதான்.

நம்மால முடியாதான்னா, முடியும். மேட்டுப்பாளையம் பக்கம் ஓடந்துறை பஞ்சாயத்து 2006-ல வங்கிக் கடன் வாங்கி 350 கிலோவாட் காத்தாடி ஒண்ணைச் சொந்தமா வாங்குச்சு. மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கு வித்துது.

பழைய காத்தாடிகளைக் கழட்டிட்டுப் பெரிசா வைக்க 2024-ல தமிழக அரசு ஒரு கொள்கை கொண்டு வந்திருக்கு. பழசு இறங்கி புதுசு ஏறும்போதாவது அந்தந்த ஊருக்கு ஒரு பங்கு எழுதணும். முப்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் இந்த மாதிரி சந்தர்ப்பம் வரும்.