கை சிவத்தல்

கல்யாணப் பெண்களுக்குக் கூலிக்கு மருதாணி வைப்பது என் தொழில். பரமத்தி வேலூரிலும் காவிரிக்கரையை ஒட்டிய ஊர்களிலும் கூப்பிடுகிற வீடுகளுக்குப் போகிறேன். கொங்குக் கல்யாணத்தில் சீர் நடத்தும் அருமைக்காரருக்கு இடம் உண்டு. மங்கல வாழ்த்துச் சொல்லும் நாவிதருக்கும், வண்ணாருக்கும், இணைச்சீருக்கு நிற்கும் மாப்பிள்ளையின் சகோதரிக்கும் முறை உண்டு. எனக்கு முறை எதுவும் இல்லை; அட்வான்ஸ் உண்டு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. சடங்கில் இடமில்லாதவளுக்குச் சில விஷயங்கள் வேறு கோணத்தில் தெரிகின்றன, அவ்வளவுதான்.

முகூர்த்தம் ஞாயிறு என்றால் மருதாணி வெள்ளிக்கிழமை. எனக்கு வேலை வியாழக்கிழமையே ஆரம்பித்துவிடும். தூள் ராஜஸ்தானிலிருந்து, பாலி மாவட்டத்துச் சோஜத்திலிருந்து வருகிறது. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணீரில் வெற்றிலையும் வாழையும் விளைகின்றன. மருதாணி இங்கே வேலியோரச் செடி மட்டுமே. தூளை மெல்லிய துணியில் சலிக்கிறேன். இலை நரம்பு ஒரு துணுக்கு தங்கினாலும் கோன் அடைத்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் சர்க்கரை, சில சொட்டு நீலகிரித் தைலம். குழைத்து மூடி வைத்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. இலைக்குள் இருக்கும் லாசோன் என்ற சாயம் தானாக விடுபட வேண்டும். குளிர் நாளில் ஒரு ராத்திரி பிடிக்கும். சித்திரையில் அரைப் பகல் போதும். காத்திருப்பு அளவு மீறினால் சாயம் செத்துவிடும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து, ஐந்து நிமிஷம் கழித்து வழித்துப் பார்க்கிறேன். ஆரஞ்சு நிறம் தெரிந்தால் பக்குவம். இந்தச் சோதனைகளால் என் இடது உள்ளங்கை எப்போதும் புள்ளி புள்ளியாக இருக்கிறது.

பாட்டிமார் காலத்து மருதாணிக்குக் கோடு கிடையாது. இலையைப் பறித்து, கொட்டைப்பாக்கோ புளியோ சேர்த்து அம்மியில் மையாக அரைத்து, விரல் நுனிகளுக்குத் தொப்பி, உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், சுற்றிலும் சின்னப் பொட்டுகள். யார் வைத்தாலும் ஒரே உருவம். எனவே ஒருத்தியின் கைக்கும் இன்னொருத்தியின் கைக்கும் வித்தியாசம் நிறத்தில்தான். இன்று முழங்கை வரை கொடியும் மயிலும் பல்லக்கும் வேண்டும், அதற்காகத்தான் கூலி. ஆனால் கோனைக் கீழே வைத்ததும் வீட்டில் கேட்பது பழைய கேள்வியைத்தான்: செவக்குமா?

நன்றாகச் சிவந்தால் புருஷனுக்குப் பிரியம் அதிகம் என்பது நம்பிக்கை. சிலர் மாமியாரையும் சேர்த்துக்கொள்வார்கள். கொஞ்சம் வைத்தியம் தெரிந்தவர்கள் பித்த உடம்பு என்பார்கள். நடப்பது வேறு. சாயம் தோலின் மேலடுக்கில், உயிர் போன செல்களில் உள்ள கெரட்டினோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த அடுக்கு எங்கே தடித்திருக்கிறதோ அங்கே நிறம் ஆழமாக விழும். அதனால்தான் புறங்கையை விட உள்ளங்கை சிவக்கிறது. மற்ற கைகளை விட வேலை செய்து காய்த்த கை சிவக்கிறது.

கொடிக்கால் வைத்திருக்கிற வீடு ஒன்றுக்குப் போயிருந்தேன். கொடியை அகத்தியோடு சேர்த்துக் கட்டுவது, வெற்றிலை கிள்ளுவது, நூறு நூறாக எண்ணிக் கவுளி அடுக்குவது. 104 கவுளி சேர்ந்தால் சந்தைக்குப் போகும் ஒரு சுமை. பெண் சின்ன வயதிலிருந்து இதில் இருந்தவள். கையை நீட்டாமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கையி நல்லாருக்காதுங்கக்கா. காய்ப்புக் காய்ப்பா இருக்கும்."

அவள் அம்மா கவலை வேறு. "நல்லாக் கறுக்கோணுமுங்க. வெளுத்துக் கெடந்தா மாப்பிள்ளை ஊட்டுல ஒரு மாதிரிப் பேசுவாங்க. ஒரு மணி நேரத்துல கறுக்கறது விக்குதாமே, அதை வெச்சுப்போட்டா என்ன?"

அது தலைச்சாயத்தில் சேர்க்கும் பாரா ஃபினிலீன் டையமீன் கலந்த கோன். தலைமயிருக்கு அளவோடு அனுமதிக்கிற நாடுகளிலும் அதைத் தோலில் பூச அனுமதி இல்லை. சிலருக்குக் கோலத்தின் கோடு மாறாமல் கொப்புளம் எழும்பும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் ஆயுசுக்கும் நிற்கும். பின்னால் தலைக்கு மை அடித்தாலும் முகம் வீங்கலாம். நான் வைக்க மாட்டேன் என்றேன். அட்வான்ஸைத் திருப்பித் தரவும் தயாராக இருந்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பாயை விரித்தார்.

இரண்டு கையும் முடிய ஐந்து மணி நேரம். காய்ப்பு மேல் கோடு வழுக்கவில்லை, சொரசொரப்பில் நன்றாகவே நின்றது. அதன் பின் ஆறேழு மணி நேரம் அவள் கையால் எதையும் தொடக் கூடாது. அம்மா சோறு ஊட்டினார். பாட்டி நெற்றி மயிரை ஒதுக்கிவிட்டார். தம்பி விசிறினான். கவுளி எண்ண யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் அவள் கை சும்மா இருந்த நேரம் அதற்கு முன் எத்தனை இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அலங்காரத்தின் நியாயம் ஒருவேளை இதுதானோ என்றும் பட்டது.

தண்ணீர் படாமல் சுரண்டி, தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். சுரண்டியதும் தெரிவது வெறும் ஆரஞ்சுதான். காற்றுப் பட்டு ஒன்றிரண்டு நாளில்தான் அது கருஞ்சிவப்பாகும். அப்போது நான் வேறு வீட்டில் இருப்பேன். நான் வைத்த எந்தக் கையும் என் முன்னால் சிவந்ததில்லை. கோடு என்னுடையது, நிறம் அவளுடையது.

ஞாயிறு மத்தியானம் செல்போனில் ஒரு படம் வந்தது. விரித்த இரண்டு உள்ளங்கைகள், ஏறக்குறையக் கறுப்பு. கீழே யாரோ எழுதியிருந்தார்கள், மாப்பிள்ளை ரொம்பப் பிரியமாக இருப்பார் என்று. இன்னும் வாழ்ந்து பார்க்காத ஒருவனின் பிரியத்தை அந்த நிறத்தில் படிக்கிறார்கள். அதில் இருந்ததோ அவள் அதுவரை செய்து முடித்த வேலை. இத்தனை வருஷம் கணக்கில் வராத ஒன்று ஊரார் கண்ணில் பட்டது; பட்டவுடன் வேறொருவன் பேரில் எழுதப்பட்டுவிட்டது.

இரண்டு வாரத்தில் மேல்தோல் உதிர்ந்து கோலம் போய்விடும். பாத்திரமும் துணியும் கைக்கு வந்தால் இன்னும் சீக்கிரம். அடியிலிருந்து வரும் தோலில் கோடும் இருக்காது, நிறமும் இருக்காது. அந்த வீட்டில் என்ன வேலையோ, அதற்குத் தக்கபடி அது மறுபடி தடிக்கத் தொடங்கும்.