பட்டியலில் இல்லாத தோட்டம்

பயணம் புறப்படுவோர் பலரும் பெட்டியை நிரப்பும் முன்னரே பட்டியலை நிரப்பிவிடுகின்றனர். நாமும் அவ்வாறே செய்தோம். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், பாஸ்கா காலத்தில், பங்கு மக்கள் பதின்மூவரை அழைத்துக்கொண்டு உரோமை நகருக்குச் சென்றபோது, நம் கையிலிருந்த தாளில் ஐந்து நாட்களுக்கென முப்பத்தொரு இடங்கள் குறிக்கப்பட்டிருந்தன. குருமடத்தில் திருச்சபை வரலாறு பயின்ற நாளில் ஏட்டில் கண்ட பெயர்களையெல்லாம் ஒருமுறை கண்ணால் கண்டுவிட வேண்டும் என்னும் வேட்கை நமக்கு. அந்த வேட்கைக்காகக் கடலோர மக்கள் பதின்மூவரின் கால்களை இரவல் வாங்கினோம் என்பதை அப்போது உணரவில்லை.

சித்திரை வெயில் நம் கரையைச் சுட்டெரிக்கும் நாட்களில் உரோமையில் இளவேனில். 1725இல் கட்டி முடிக்கப்பட்ட இசுபானியப் படிகளை ஆண்டுதோறும் இப்பருவத்தில் அசேலியா மலர்த் தொட்டிகளால் அணி செய்வது அந்நகரின் வழக்கம். சந்தைகளில் தாமரை மொட்டுப் போன்ற ஆர்ட்டிசோக் குவிந்து கிடக்கும். டைபர் ஆற்றங்கரையில் யூதர்கள் வாழ்ந்த பகுதியில் அதனை முழுதாக எண்ணெயில் பொரித்து, இதழ் விரிந்த பூவாகத் தட்டில் வைக்கின்றனர். மே முதல் நாளில் பச்சை ஃபாவாப் பயற்றை, பெக்கோரினோ என்னும் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியோடு உண்பதும் அவர்தம் மரபு. பழகிய வயிற்றுக்கு இவை விருந்தோ இல்லையோ, பருவத்தின் சுவையை அறிய விரும்புவோர் உண்டு பார்க்கலாம்.

ஆனால் நம்மவர்களை மிகவும் கவர்ந்தவை பேராலயங்கள் அல்ல, தெருக் குழாய்களே! 1874ஆம் ஆண்டு முதல் நிறுவப்பட்ட இந்த இரும்புக் குழாய்கள் இன்று 2,000க்கும் மேல் உள்ளன. வளைந்த வாயினால் 'பெருமூக்கர்' எனப் பொருள்படும் 'நசோனி' என்று பெயர். நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும். வாயை விரலால் அடைத்தால் மேலுள்ள சிறு துளை வழியே நீர் பீறிட்டெழ, குனியாமலே பருகலாம். குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருந்து பழகிய நம் பெண்களுக்கு அது பொறுக்கவில்லை. அறுபத்தெட்டு வயதுத் தாய் ஒருவர் நம்மிடம், "சாமி, இத யாராச்சும் அடைச்சு வைக்கக் கூடாதா? எவ்வளவு தண்ணி வீணாப் போகுது!" என்று உள்ளபடியே வருந்தினார்.

அந்தத் தாய்க்கு முழங்கால் வலி. கணவர் மறைந்து நெடுநாள் ஆயிற்று. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைப் புரட்டியபோது, தொழிலுக்குச் சென்றிருந்த அவருடைய ஒரே மகன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இவையெல்லாம் பங்குக் குடும்பப் பதிவேட்டில் இருந்தன. ஆகவே நமக்குத் 'தெரியும்'.

புதன்கிழமை புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களைத் தொலைவிலிருந்து கண்டோம். வார இறுதியில் அவர் அங்கேரி நாட்டுக்குத் திருப்பயணம் சென்றுவிட்டார். எனவே ஏப்ரல் 30, ஞாயிறு, நகர் காண முழுமையாகக் கிடைத்தது. அன்று நல்லாயன் ஞாயிறு. காலைத் திருப்பலியில், ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆயனைப் பற்றி மறையுரை ஆற்றினோம்.

பிற்பகலில் அவெந்தீன் குன்றுக்குச் சென்றோம். அங்கு ஐந்தாம் நூற்றாண்டில் எழுந்த புனித சபீனா ஆலயம் உண்டு. அதன் மரக்கதவில் செதுக்கப்பட்டுள்ள சிலுவைக் காட்சி, உலகில் எஞ்சியுள்ள மிகப் பழைய சிலுவைக் காட்சிகளுள் ஒன்று. அருகில் ஆரஞ்சு மரத் தோட்டம். சற்றுத் தள்ளி மால்டா சபையாரின் மாளிகை வாயில். அதன் சாவித் துவாரத்தில் கண்ணை வைத்தால், செடிகளின் பசுமைக்கு நடுவே பேதுரு பேராலயத்தின் குவிமாடம் தெரியும். மூன்றும் நம் பட்டியலில் இருந்தன.

அடிவாரத்திலேயே அந்தத் தாய் நின்றுவிட்டார். "நீங்க போயிட்டு வாங்க சாமி. நான் இங்கன இருக்கேன்." பழைய தேரோட்டத் திடலை நோக்கிய ஓர் இருக்கையில் அவரை அமர்த்தி, அரைமணி நேரத்தில் வருவதாகக் கூறி ஏறினோம். துணைக்கு ஒருவரை விட்டுச் செல்லவும் தோன்றவில்லை. சாவித் துவாரத்தின் முன்னே நீண்ட வரிசை. பட்டியலில் உள்ளதை விட மனமின்றி நின்றோம். இறங்கி வந்தபோது ஒன்றரை மணி நேரம் கடந்திருந்தது. இருக்கை வெறுமையாக இருந்தது.

மொழி தெரியாதவர், கைப்பேசி இல்லாதவர், தங்கியிருந்த விடுதியின் பெயரும் அறியாதவர். காலையில் நல்லாயனைப் பற்றிப் பேசிய நாவு உலர்ந்துபோயிற்று. நாற்புறமும் ஆளனுப்பித் தேடினோம். கால்மணி நேரத்திற்குப் பின், சாலையின் மறுபுறத்திலிருந்த ரோசாத் தோட்டத்தில் ஒரு செடியருகே, மடியில் செபமாலையுடன் அவர் அமர்ந்திருக்கக் கண்டோம்.

"பயந்துட்டீங்களா சாமி? வேலி வழியா பூவாத் தெரிஞ்சுது. காசு கேப்பாங்களோன்னு நின்னேன். ஒருத்தரும் கேக்கல்ல."

மகிழ்ந்திருக்க வேண்டிய நாம் கடிந்துகொண்டோம். சொன்ன இடத்தில் இருக்கத் தெரியாதா என்று பலர் முன்னே கேட்டோம். சொன்ன நேரத்தில் வராதவர் நாமே. "மன்னிச்சுக்கிடுங்க" என்றார் அவர். அந்தச் சொல் நம்மைச் சுட்டது. வெட்கத்தை மறைக்க, நமக்குத் தெரிந்த ஒரே வழியாகிய வரலாற்றைச் சொல்லத் தொடங்கினோம்.

1645 முதல் அவ்விடம் உரோமை யூதர்களின் கல்லறைத் தோட்டமாக இருந்தது. திருத்தந்தையர் அந்நகரை ஆண்ட நூற்றாண்டுகளில், இறந்தோரின் பெயரைக் கல்லில் பொறிக்கவும் யூதர்களுக்குத் தடை இருந்ததுண்டு. இதை நாணத்தோடுதான் சொல்ல வேண்டும். 1934இல் கல்லறைகள் வெரானோவுக்கு மாற்றப்பட்டன. 1950இல் அங்கே ரோசாத் தோட்டம் அமைத்தபோது, பழைய நினைவு அழியாதிருக்க, நடைபாதைகளை யூதர்களின் ஏழு கிளை விளக்குத்தண்டின் வடிவில் அமைத்தனர். வாயிலில் கட்டளைப் பலகைகளின் வடிவில் கல்லும் நாட்டினர். இன்று ஏறத்தாழ 1,100 வகை ரோசாக்கள் அங்கே இளவேனிலில் மலர்கின்றன.

அந்தத் தாய் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "அப்போ இது கல்லறையா சாமி? அதான்... என்னமோ அவன்கிட்ட வந்து இருக்கற மாதிரி இருந்துது. நவம்பர் ரெண்டாம் தேதி எல்லாரும் பூவும் மெழுகுதிரியுமாப் போவாங்க. எனக்குப் போக இடம் இல்ல. கடல்ல எந்த இடம்னு பூவைப் போடுவேன்?"

அப்பங்கில் நாம் பொறுப்பேற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான்கு கல்லறைத் திருநாட்களில், ஒவ்வொரு கல்லறையாகத் தீர்த்தம் தெளித்து மந்திரித்திருந்தோம். கல்லறையே இல்லாதவர்கள் அன்று எங்கே நிற்கிறார்கள் என்று ஒருமுறையேனும் திரும்பிப் பார்த்ததில்லை. பதிவேட்டில் இருப்பதை அறிவதும் ஆட்டை அறிவதும் ஒன்றல்ல என்பதை அன்று கற்றோம்.

தாளை மடித்து வைத்துவிட்டு, மாலைவரை அனைவரும் அத்தோட்டத்திலேயே இருந்தோம். கீழே உதிர்ந்து கிடந்த சில இதழ்களை அவர் எடுத்துச் செபப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டார். முப்பத்தொரு இடங்களுள் பதினொன்று காணாமலே திரும்பினோம். குறைபட்டவர் ஒருவரும் இல்லை.

அவ்வாண்டு நவம்பர் 2 அன்று கல்லறைகளை மந்திரித்தபின், முதன்முறையாகக் கடற்கரைக்கும் சென்றோம். ஒக்கியில் உறவுகளை இழந்து, உடலும் காணாத குடும்பங்கள் வந்திருந்தன. அவர்களுடைய பெயர்களை ஒவ்வொன்றாக உரக்க வாசித்தோம். அந்தத் தாய் காய்ந்த இதழ்களை அலையில் விட்டார்.

இளவேனிலில் உரோமைக்குச் செல்வோருக்கு நாம் சொல்லக்கூடியது இதுவே: பேராலயங்களைக் காணுங்கள், தெருக் குழாயில் நீர் பருகுங்கள், அவெந்தீன் குன்றில் ஏறுங்கள். ஏப்ரல் பிற்பகுதியிலோ மே மாதத்திலோ சென்றால் அந்த ரோசாத் தோட்டத்திற்கும் செல்லுங்கள், கட்டணம் இல்லை. உங்கள் பட்டியலில் ஒரு பொழுதையேனும் எழுதாமல் விட்டுவையுங்கள். உடன் வருபவரிடம், அவர் எங்கே அமர விரும்புகிறார் என்று கேட்க அந்தப் பொழுது உதவும்.