நிரம்பாலி



எங்க வீட்டுப் பின்னால துவைக்கிற கல் பக்கத்தில் ஒரு பழைய பெயிண்ட் டப்பா இருக்கு. அதில் ஒரு செடி. பார்க்கிறவங்க எல்லாரும் "பட்டைச் செடியா?" என்று கேட்பாங்க. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எங்க தாத்தா மாஞ்சோலை மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். 2024-ல் தோட்ட வேலை நின்றுபோய் நிறைய குடும்பங்கள் கீழே இறங்கின. தாத்தாவும் சுரண்டைக்கு எங்க வீட்டுக்கே வந்துட்டார். துணிமணி, பாத்திரத்தோடு இரண்டு செடியும் கொண்டுவந்தார். லயன் வீட்டுப் பின்னால தானா முளைச்சதாம். பேர் கேட்டேன். "நிரம்பாலி" என்றார்.

உதிர்ந்த இலை ஒன்றை அறிவியல் டீச்சரிடம் காட்டினேன். "நடு நரம்பே இல்லை டீச்சர். எல்லா நரம்பும் இணையா ஓடுது. அதனால் இது ஒருவித்திலைத் தாவரம்" என்று பெருமையாகச் சொன்னேன். டீச்சர் புத்தகம் பார்த்து இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டாங்க. இது பூக்கிற தாவரமே இல்லையாம்! பைன் மரத்துக்குச் சொந்தமாம். கொடைக்கானலில் நாம் பார்க்கிற பைன் மரங்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் தானாகவே வளர்கிற ஊசியிலை மர வகை இது ஒன்றுதான். ஆனால் இலை ஊசி மாதிரி இல்லை, அகலமா இருக்கும். அறிவியல் பெயர் நாகேயா வாலிச்சியானா. கல்கத்தா தாவரவியல் பூங்காவில் இருந்த வாலிக் என்பவர் நினைவாக வைத்த பெயர்.

அடையாளம் சொல்கிறேன். இலைகள் எதிர் எதிராக ஜோடியா இருக்கும். தொட்டால் தோல் மாதிரி தடிப்பு. பட்டை இலையில் மூன்று பெரிய நரம்பு தெரியும், கசக்கினால் வாசம் வரும். இதில் அந்த மூன்று நரம்பும் இல்லை, அந்த வாசமும் இல்லை. ஆண் மரம் தனி, பெண் மரம் தனி.

இப்போது என் தப்பைச் சொல்லணும். செடி நல்லா வளரட்டும் என்று நான்தான் இரண்டையும் மொட்டை மாடி வெயிலில் வைத்தேன். நம்ம ஊருக்குக் குற்றாலத்துச் சாரல் காற்று வரும், மழை வராது. ஒரே வாரத்தில் இலை நுனி கருகி ஒரு செடி செத்துப் போச்சு. தாத்தா என்னைத் திட்டவே இல்லை. அன்னைக்கு ராத்திரி சாப்பிடாமல் படுத்துட்டார். அதுதான் எனக்கு அழுகையா வந்துச்சு.

மறுநாள் தாத்தா சொன்னார்: "ஏ புள்ள, அது பெரிய மரத்துக்கு அடியில, இருட்டுக்குள்ளயே வருசக்கணக்கா காத்துக் கெடந்து வளருற மரம். அதுக்கு நெழலுதான் வேணும்."

மற்றதை வேப்பமர நிழலுக்கு மாற்றினோம். மக்கின இலையும் செம்மண்ணும் போட்டோம். தண்ணீர் தேங்காமல் டப்பா அடியில் ஓட்டை போட்டோம். சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டினோம். காலையும் மாலையும் தண்ணீர் தெளிப்பது என் வேலை. எட்டு மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. போன மாதம் நுனியில் வெளிர் பச்சையில் ஒரு ஜோடி இலை வந்திருக்கு. அம்மா பீடி சுற்றுவதை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்து பார்த்தாங்க.

"காட்டிலிருந்து யாரும் செடி பிடுங்கக் கூடாது, அது புலிகள் காப்பகம்" என்று டீச்சர் சொன்னாங்க. முழங்கால் உயரம் வந்ததும் வனத்துறையினரிடம் கேட்டு மலையிலேயே நடச் சொல்லலாம் என்று இருக்கிறோம். தாத்தாவும் சரின்னுட்டார். "அதாவது மேல போகட்டும்" என்றார்.

அதுவரைக்கும் எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. இலையைக் கிள்ளாதீங்க.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி